ஈபி-5 கிரீன் கார்டு எப்போது வரும்? காத்திருப்பு காலத்தை நீங்களே கணக்கிட ஒரு முழுமையான வழிகாட்டி

கோயம்புத்தூரில் நிலத்தை விற்று ஈபி-5-இல் பணம் போட்ட உறவினர் ஒருவருக்காக மூன்று ஆண்டுகள் காகிதங்களோடு அலைந்திருக்கிறேன். ஆரம்பத்தில் ஒரு முகவர் "24 மாதத்தில் கார்டு கையில்" என்று எழுதாத குறையாகச் சொன்னார். அந்த 24 மாதம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அந்தக் கேள்வியை முதலிலேயே கேட்டிருந்தால் எங்கள் திட்டமே வேறாக இருந்திருக்கும். நீங்கள் கேட்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஈபி-5 என்பது அமெரிக்காவில் முதலீடு செய்து, குறைந்தது 10 முழுநேர வேலைகளை உருவாக்குபவருக்கும் அவருடைய மனைவி அல்லது கணவருக்கும் 21 வயதுக்குட்பட்ட மணமாகாத பிள்ளைகளுக்கும் கிரீன் கார்டு, அதாவது நிரந்தர வசிப்புரிமை தரும் வழி. 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்து, 2022 மார்ச் 15-இல் கையெழுத்தான சீர்திருத்தச் சட்டத்தால் பெரிதும் மாறியது. இப்போதைய குறைந்தபட்ச முதலீடு 10,50,000 டாலர். கிராமப்புறம், வேலையின்மை மிகுந்த பகுதி, அரசு உள்கட்டமைப்புத் திட்டம் ஆகியவற்றில் போட்டால் 8,00,000 டாலர் போதும்.

இதில் ஓடுவது ஒரு கடிகாரம் அல்ல, மூன்று. குடியேற்றத் துறையான யுஎஸ்சிஐஎஸ் உங்கள் மனுவைப் படித்து முடிக்க எடுக்கும் நேரம் ஒன்று. உங்கள் நாட்டுக்கான விசா எண், அதாவது ஆண்டு ஒதுக்கீட்டில் ஓர் இடம், வரும்வரை வரிசையில் நிற்கும் நேரம் இன்னொன்று. பணத்தைத் திரட்டி, அதன் மூலத்தை நிரூபித்து, அமெரிக்கா கொண்டு சேர்க்கும் நேரம் மூன்றாவது. "புராசசிங் டைம்" என்று எல்லோரும் சொல்வது முதலாவதை மட்டும்தான். எங்களைப் போட்டு வாட்டியவை மற்ற இரண்டும்.

முதல் படி: பிறந்த ஊரைப் பாருங்கள், பாஸ்போர்ட்டை அல்ல

ஈபி-5-க்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 9,940 விசாக்கள். இதில் குடும்பத்தினரும் அடக்கம். நால்வர் உள்ள குடும்பத்துக்கு நான்கு எண்கள் போய்விடும். ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்பது பொது வரம்பு. அப்படிப் பார்த்தால் இந்தியாவுக்கு ஆண்டுக்கு 700-க்குச் சற்றுக் குறைவு. மற்ற நாடுகள் பயன்படுத்தாமல் விட்ட எண்கள் இருந்தால், பழைய தேதிக்காரர்களுக்கு முதலில் போகும்.

எந்த நாட்டுக் கணக்கு என்பதை முடிவு செய்வது பிறந்த இடம். சென்னையில் பிறந்து இப்போது கனடா குடிமகனாக இருப்பவர் இந்திய வரிசையில்தான் நிற்கிறார். யாழ்ப்பாணத்தில் பிறந்து டொரொன்டோவில் வாழ்பவர் இலங்கைக் கணக்கில் வருகிறார். இலங்கைக்குத் தனி வரிசை கிடையாது, "மற்ற எல்லா நாடுகளும்" என்ற பத்தியில் அடங்கிவிடும். அப்பா வேலை பார்த்த காலத்தில் குவைத்திலோ சிங்கப்பூரிலோ பிறந்தவர்களுக்கும் இப்படித்தான்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. கணவன் மனைவி இருவரில் ஒருவர் வேறு நாட்டில் பிறந்திருந்தால், குடும்பம் முழுதும் அந்த நாட்டின் கணக்கில் போகலாம். திருச்சியில் பிறந்த கணவர், கொழும்பில் பிறந்த மனைவி என்றால் இந்திய வரிசையே அவர்களுக்கு வேண்டாம். ஆனால் பிள்ளை பிறந்த நாட்டைப் பெற்றோர் பயன்படுத்த முடியாது. வழக்கறிஞரைப் பார்ப்பதற்கு முன்பே வீட்டில் உள்ள எல்லோருடைய பிறப்புச் சான்றிதழையும் எடுத்து மேசையில் வையுங்கள்.

இரண்டாம் படி: எந்தப் பிரிவில் போகிறீர்கள்?

2022 சட்டம் மொத்த விசாக்களில் 20 சதவீதத்தைக் கிராமப்புறத் திட்டங்களுக்கும், 10 சதவீதத்தை வேலையின்மை மிகுந்த பகுதிகளுக்கும், 2 சதவீதத்தை உள்கட்டமைப்புக்கும் ஒதுக்கி வைத்தது. மீதி 68 சதவீதம் ஒதுக்கீடு இல்லாத பொதுப் பிரிவு.

பொதுப் பிரிவில் இந்தியர்களுக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். அமெரிக்க வெளியுறவுத் துறை மாதந்தோறும் வெளியிடும் விசா புல்லட்டினில், 2025 மார்ச் வரை இந்தியாவுக்கான இறுதித் தேதி 2022 ஜனவரி 1 என்று இருந்தது; அந்தத் தேதிக்கு முன் மனு போட்டவருக்குத்தான் விசா எண் என்று பொருள். ஏப்ரலில் அது 2019 நவம்பர் 1-க்குப் பின்வாங்கியது. மே மாதத்தில் 2019 மே 1. முந்தைய மாதம்வரை "இதோ நம் முறை" என்று இருந்தவர்கள் ஒரே அறிவிப்பில் இரண்டு ஆண்டுக்கு மேல் பின்னால் தள்ளப்பட்டார்கள். தேதி ஏன் அப்போது 2019-ஐச் சுற்றியே வட்டமடித்தது? 2019 நவம்பர் 21-இல் சலுகைப் பகுதிகளுக்கான குறைந்தபட்ச முதலீடு 5 லட்சம் டாலரிலிருந்து 9 லட்சமானது. விலை ஏறுவதற்குள் போட்டுவிட வேண்டும் என்று பலர் முண்டியடித்தார்கள். அந்தக் கூட்டம் 2025-இலும் வாசலில்தான் நின்றது.

அதே 2025-இல் ஒதுக்கீட்டுப் பிரிவுகள் மூன்றும் இந்தியாவுக்கும் "நடப்பில்" என்றே இருந்தன, அதாவது வரிசையே இல்லை. கிராமப்புற மனுக்களை முன்னுரிமை கொடுத்துப் பரிசீலிக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. என் கருத்தைக் கேட்டால், இந்தியாவில் பிறந்தவர் இன்று பொதுப் பிரிவில் பணம் போட எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. ஆனால் இது எப்போதும் இப்படியே இருக்கும் என்று நம்ப வேண்டாம். கிராமப்புறத்துக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,990 விசா. வேலையின்மைப் பகுதிக்கு அதில் பாதி. ஆட்கள் சேரச் சேர இங்கேயும் ஒருநாள் தேதி விழும். அன்று உங்கள் மனு போய்ச் சேர்ந்த நாள்தான் உங்களைக் காக்கும். அதற்கு முன்னுரிமைத் தேதி என்று பெயர்.

எச்-1பி வேலை விசாவில் இருக்கும் நண்பர்கள் கேட்கும் ஒரு கேள்விக்கு இங்கேயே பதில்: வேலைவழிக் கிரீன் கார்டு பிரிவுகளான ஈபி-2, ஈபி-3-இல் பத்தாண்டுக்கு முன் வாங்கிய முன்னுரிமைத் தேதி ஈபி-5-க்குச் செல்லாது. இங்கே புதிதாகத்தான் தொடங்க வேண்டும்.

மூன்றாம் படி: பணத்தின் கதையைச் சொல்வது

யாரும் கணக்கில் எடுக்காத காலம் இது. எங்களுக்கு இதற்கே ஓர் ஆண்டுக்கு மேல் ஆனது.

போட்ட ஒவ்வொரு டாலரும் நேர்மையான வழியில் வந்தது என்று காட்ட வேண்டும். கடந்த ஏழு ஆண்டு வருமான வரிக் கணக்குகள் வேண்டும். நிலம் விற்ற பணம் என்றால் விற்ற பத்திரம் மட்டும் போதாது. அந்த நிலம் உங்களுக்கு எப்படி வந்தது என்பதும் வேண்டும். தாய்ப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, தாத்தா சொத்து என்றால் பாகப்பிரிவினைப் பத்திரம், வாரிசுச் சான்று, எல்லாவற்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு. சார்பதிவாளர் அலுவலகத்தில் 1970-களின் பத்திர நகலுக்காக நாங்கள் காத்திருந்த வாரங்களை எந்த இணையதளமும் எண்ணிக் காட்டாது.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம் போட்டு மீதியை ரொக்கமாக வாங்கும் வழக்கம் உண்டு. அந்த ரொக்கம் ஈபி-5-க்கு உதவாது. பத்திரத்தில் உள்ள தொகை மட்டும்தான் கணக்கு. இதற்காக நிலம் விற்பதாக இருந்தால் முழுத் தொகையையும் பத்திரத்தில் எழுதி, வங்கி வழியாக வாங்குங்கள். முத்திரைத்தாள் செலவும் மூலதன ஆதாய வரியும் கூடும்தான். குறைத்து எழுதிவிட்டுப் பிறகு அதைச் சரிசெய்ய வழியே இல்லை.

அடுத்து, பணத்தை அனுப்புவது. ரிசர்வ் வங்கியின் தாராளமயப் பணம் அனுப்பும் திட்டப்படி, ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர்தான் அனுப்பலாம். ஒருவரே எட்டு லட்சம் டாலரையும் அனுப்புவதென்றால் நான்கு நிதியாண்டுகள் தொட வேண்டும். அதனால்தான் பலர் மார்ச், ஏப்ரல் மாதங்களைக் குறிவைக்கிறார்கள். கணவரும் மனைவியும் மார்ச் இறுதியில் ஆளுக்கு 2,50,000, ஏப்ரல் முதல் வாரத்தில் மீதி 3,00,000 என்றால் இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். ஆனால் மனுதாரர் கணவர் என்றால் மனைவியின் பணம் அவருக்கு வந்த அன்பளிப்பாகும்; அந்தப் பணத்தின் மூலத்தையும் தனியாக நிரூபிக்க வேண்டும். குடும்பத்தார் பணத்தை ஒன்றாகச் சேர்த்து முதலீட்டுக்கு அனுப்புவதில் வங்கிகளுக்குக் கட்டுப்பாடுகள் உண்டு. எனவே மார்ச் 25-ஆம் தேதி போய் நிற்காமல், ஜனவரியிலேயே வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் பேசி எழுத்தில் பதில் வாங்குங்கள்.

கூடவே, நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் முதலீட்டுக்காக அனுப்பும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் வரி பிடித்துக்கொள்ளும். ஒரு கோடி அனுப்பினால் 18 லட்சம் கூடுதலாகக் கையில் இருக்க வேண்டும். வருமான வரிக் கணக்கில் இதைக் கழித்துக்கொள்ளலாம், மீதி இருந்தால் திரும்ப வரும். ஆனால் அதுவரை அந்தப் பணம் முடங்கிக் கிடக்கும்.

நான்காம் படி: திட்டத்தின் நிலையைக் கேளுங்கள்

பெரும்பாலானோர் பிராந்திய மையம் வழியாகவே, அதாவது பலரின் ஈபி-5 பணத்தைச் சேர்த்து ஒரு திட்டத்தில் போட யுஎஸ்சிஐஎஸ் அங்கீகரித்த நிறுவனம் வழியாகவே, போடுகிறார்கள். அந்த மையம் தன் திட்டத்துக்காக ஐ-956எஃப் என்ற விண்ணப்பத்தை முதலில் தாக்கல் செய்ய வேண்டும். அது தாக்கலானதுமே நீங்கள் உங்கள் ஐ-526ஈ மனுவைப் போடலாம். ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒப்புதல் வந்துவிட்ட திட்டம் என்றால் உங்கள் மனுவில் அதிகாரி பார்க்க வேண்டியது பெரும்பாலும் உங்கள் பண மூலம் மட்டும்தான். வராத திட்டம் என்றால், உங்கள் காகிதம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அந்த விண்ணப்பம் முடியும்வரை அசையாது. ஆகவே மையத்திடம் கேட்க வேண்டியவை: ஐ-956எஃப் எந்தத் தேதியில் போனது, ஒப்புதல் கடிதம் இருக்கிறதா, அதன் நகலைக் காட்ட முடியுமா? தயங்குபவரிடம் பணம் கொடுக்காதீர்கள். வெர்மான்ட் மாநிலத்து ஜே பீக் பனிச்சறுக்கு விடுதித் திட்டத்தில் 2016-இல் வெடித்த மோசடி வழக்கில் பல நாட்டு முதலீட்டாளர்கள் பணத்தையும் கிரீன் கார்டு கனவையும் சேர்த்துப் பறிகொடுக்கும் நிலைக்கு வந்தார்கள்.

நாட்காட்டியில் குறிக்க வேண்டிய மூன்று தேதிகள் உள்ளன. பிராந்திய மையத் திட்டத்துக்கான அனுமதி 2027 செப்டம்பர் 30 வரை. 2026 செப்டம்பர் 30-க்குள் தாக்கலான மனுக்களை, அனுமதி காலாவதியானாலும் தொடர்ந்து பரிசீலிக்க வேண்டும் என்று சட்டமே பாதுகாப்பு தந்திருக்கிறது. 2021 ஜூலை முதல் 2022 மார்ச் வரை திட்டம் காலாவதியாகி மனுக்கள் உறைந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பாதுகாப்பின் அருமை தெரியும். 2027 ஜனவரி 1-இல் குறைந்தபட்ச முதலீடு பணவீக்கத்துக்கு ஏற்ப மாற்றப்படும்.

ஐந்தாம் படி: யுஎஸ்சிஐஎஸ் காட்டும் எண்ணைப் படிப்பது

மனு போனதும் ரசீது வரும். அதிலுள்ள முன்னுரிமைத் தேதியைச் சரிபார்த்துப் பத்திரப்படுத்துங்கள். அதன்பின் எல்லோரும் செய்வது, யுஎஸ்சிஐஎஸ் இணையதளத்தில் காத்திருப்பு மாதங்களைப் பார்ப்பது.

அங்கே காட்டும் எண், கடந்த ஆறு மாதங்களில் முடித்த மனுக்களில் 80 சதவீதம் எத்தனை மாதத்துக்குள் முடிந்தன என்பதைச் சொல்கிறது. முடிந்தவற்றின் கணக்கு அது, காத்திருப்பவற்றின் கணக்கல்ல. அதிகாரிகள் பழைய கோப்புகளைத் தூசு தட்டி முடித்தால் எண் எகிறும்; புதிய கிராமப்புற மனுக்களை அதிகம் முடித்தால் சரியும். இரண்டுமே உங்கள் மனுவைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. பழைய முறை மனுவான ஐ-526, புதிய ஐ-526ஈ இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு என்பதையும் கவனியுங்கள். பழைய முறை மனுவின் எண்ணைப் பார்த்துவிட்டுத் தூக்கம் கெட்டவர்கள் உண்டு. கூடுதல் பணம் கட்டி விரைவுபடுத்தும் பிரீமியம் வசதி ஈபி-5 மனுக்களுக்குக் கிடையாது. யாராவது வாங்கித் தருகிறேன் என்றால் நம்ப வேண்டாம்.

இடையில் கூடுதல் ஆதாரம் கேட்டுக் கடிதம் வரலாம். அது வந்தால் மனு நிராகரிக்கப்பட்டதாக அர்த்தமில்லை. ஆனால் நீங்கள் பதில் தரும்வரை கோப்பு நிற்கும். எங்களுக்கு வந்த கடிதம், 2014-இல் ஒரு நகைக்கடனை அடைத்த பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டது. அந்த ஒரு ரசீதைத் தேடி இரண்டு மாதம் போனது.

ஆறாம் படி: உள்ளே இருக்கிறீர்களா, வெளியே இருக்கிறீர்களா?

எச்-1பி, மாணவர்களுக்கான எஃப்-1 போன்ற செல்லுபடியாகும் விசாவில் அமெரிக்காவுக்குள் இருப்பவருக்கு 2022 சட்டம் பெரிய உதவி செய்தது. அவர் போகும் பிரிவு நடப்பில் இருந்தால், ஐ-526ஈ-யுடன் சேர்த்தே, அங்கிருந்தபடியே கார்டு கேட்கும் நிலை மாற்ற விண்ணப்பமான ஐ-485-ஐயும் போடலாம். அதனுடன் வேலை அனுமதி, வெளிநாடு போய்வரும் பயண அனுமதி இரண்டையும் கேட்கலாம். கார்டு வரும் நாள் மாறாவிட்டாலும், காத்திருக்கும் காலம் மாறிவிடும்: வேலை போனால் 60 நாளில் ஊருக்குக் கிளம்ப வேண்டும் என்ற பயம் விலகும். படிப்பு முடித்து லாட்டரியில் எச்-1பி கிடைக்காத பிள்ளைகளுக்கு இது பெரிய ஆறுதல். ஒன்று மட்டும்: பயண அனுமதி வருவதற்கு முன் ஊருக்குப் போனால் ஐ-485 கைவிடப்பட்டதாகக் கருதப்படலாம். தங்கை கல்யாணம் என்றாலும் வழக்கறிஞரைக் கேட்காமல் விமானம் ஏறாதீர்கள். சுற்றுலா விசாவில் நுழைந்து அங்கிருந்தே விண்ணப்பிக்கலாம் என்று யோசனை சொல்பவர்களை நான் ஒதுக்கிவிடுவேன். நுழைந்தபோது பொய் சொன்னதாக ஆகிவிடும்.

ஊரில் இருப்பவருக்கு வழி வேறு. மனு ஒப்புதலானதும் கோப்பு தேசிய விசா மையத்துக்குப் போகும். டிஎஸ்-260 படிவம், கட்டணம், பாஸ்போர்ட் அலுவலகத்தில் வாங்கும் காவல்துறைச் சான்று, மருத்துவப் பரிசோதனை, அப்புறம் நேர்காணல். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு நேர்காணல் பொதுவாக மும்பையில், இலங்கையில் இருப்பவர்களுக்குக் கொழும்பில். இந்தக் கட்டத்துக்கும் மாதக்கணக்கு ஆகும். அந்த "24 மாதத்தில்" இது சேரவே இல்லை என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

ஏழாம் படி: பிள்ளையின் வயதைக் கணக்குப் போடுங்கள்

வீட்டில் 17 வயதுக்கு மேல் பிள்ளை இருந்தால் இதை முதல் படியாக எடுத்துக்கொள்ளுங்கள். 21 ஆனால் பிள்ளை குடும்ப மனுவிலிருந்து விழுந்துவிடுவார். அதைத் தடுக்க ஒரு சட்டம் இருக்கிறது. விசா எண் கிடைக்கும் நாளில் பிள்ளையின் வயது எவ்வளவோ, அதிலிருந்து முதலீட்டு மனு நிலுவையில் இருந்த காலத்தைக் கழிக்க வேண்டும். மிச்சம் 21-க்குக் கீழ் என்றால் தப்பித்தார்.

ஒரு கணக்கு. மகளுக்கு 20 வயது 4 மாதம் ஆகும்போது மனு போகிறது. 16 மாதம் கழித்து ஒப்புதல், அப்போது வயது 21 ஆண்டு 8 மாதம். பிரிவு நடப்பில் இருந்தால் அன்றே விசா எண் இருக்கிறது. 16 மாதத்தைக் கழித்தால் 20 ஆண்டு 4 மாதம். தப்பித்தாள். இதே மகள் பொதுப் பிரிவின் இந்திய வரிசையில் ஒப்புதலுக்குப் பின் மூன்று ஆண்டு நின்றால்? வயது 24 ஆண்டு 8 மாதம். கழிக்கக் கிடைப்பது அதே 16 மாதம்தான். 23 ஆண்டு 4 மாதம். வெளியே போய்விட்டாள். துறை தாமதித்தால் கழிவு உண்டு, வரிசையில் நின்றால் கழிவு இல்லை. இரண்டாம் படியில் பிரிவைப் பற்றி அவ்வளவு சொன்னதற்குக் காரணம் இதுதான்.

புல்லட்டினில் இரண்டு அட்டவணைகள் இருக்கும்: இறுதி முடிவுக்கான தேதி, விண்ணப்பிக்கத் தகுதியான தேதி. 2025 ஆகஸ்ட் 15 முதல் போடும் விண்ணப்பங்களுக்கு, பிள்ளையின் வயதை நிறுத்துவது முதல் அட்டவணை மட்டும்தான். பழைய கட்டுரைகளில் வேறு மாதிரி இருக்கும், ஏமாற வேண்டாம். விசா எண் கிடைத்த ஓராண்டுக்குள் பிள்ளைக்கான அடுத்த விண்ணப்பத்தைப் போட்டாக வேண்டும். அதோடு, கார்டு வரும்வரை பிள்ளை மணமாகாதவராகவே இருக்க வேண்டும். ஜாதகம் பார்க்கத் தொடங்கியிருக்கும் வீடுகள் இதை நினைவில் வையுங்கள்.

எட்டாம் படி: தாமதமானால்

யுஎஸ்சிஐஎஸ் தளத்தில் ரசீதுத் தேதியை இட்டால் "விசாரிக்கலாம்" என்ற தேதி வரும். அது 93 சதவீத மனுக்கள் முடியும் காலத்தை வைத்துக் கணிப்பது. அதைத் தாண்டியதும் எழுத்தில் விசாரியுங்கள். அமெரிக்காவில் வசிப்பவர் தன் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் அலுவலகம் வழியாகவும் கேட்கலாம். கடைசி வழி கூட்டாட்சி நீதிமன்றத்தில் மேண்டமஸ் வழக்கு: "ஒப்புதல் கொடு" என்றல்ல, "ஏதாவது ஒரு முடிவு சொல்" என்று கேட்பது. பல நேரம் பலன் தருகிறது. ஆனால் 2023-இல் வாஷிங்டன் டி.சி. மேல்முறையீட்டு நீதிமன்றம், ஆண்டுக்கணக்கில் காத்திருந்த ஈபி-5 முதலீட்டாளர்களின் வழக்கைத் தள்ளுபடி செய்தது. வரிசையில் முன்னே நிற்பவர்களைத் தாண்டி உங்களை நகர்த்த நீதிமன்றங்கள் விரும்புவதில்லை. விசா எண்ணே இல்லாதவருக்கு இந்த வழக்கால் ஒரு பயனும் இல்லை.

ஒன்பதாம் படி: இரண்டு ஆண்டுக் கார்டு

முதலில் வருவது நிபந்தனையுடன் கூடிய இரண்டு ஆண்டுக் கார்டு. அது முடியும் நாளுக்கு முந்தைய 90 நாட்களுக்குள் ஐ-829 மனு போட்டு, பணம் முதலீட்டில் இருந்ததையும் 10 வேலைகள் உருவானதையும் காட்ட வேண்டும். இதற்கான ஆவணங்களைப் பிராந்திய மையம்தான் தர வேண்டும் என்பதால், ஆறு மாதம் முன்பே கேட்கத் தொடங்குங்கள். ஐ-829-உம் நீண்டகாலம் நிலுவையில் நிற்கும். ஆனால் அதன் ரசீது கார்டை 48 மாதங்களுக்கு நீட்டிக்கிறது. காலாவதியான கார்டையும் அந்த ரசீதையும் சேர்த்துக் காட்டி வேலை பார்க்கலாம், ஊருக்குப் போய்வரலாம். ரசீதின் மூலப் பிரதி தொலைந்தால் தலைவலி, ஆளுக்கொரு கோப்பில் வையுங்கள்.

குடியுரிமைக்கான ஐந்து ஆண்டுகள் இந்த நிபந்தனைக் கார்டு கிடைத்த நாளிலிருந்தே எண்ணப்படும், ஐ-829 முடிந்த நாளிலிருந்து அல்ல. ஐ-829 இன்னும் நிலுவையில் இருந்தாலும் ஐந்து ஆண்டு நிறைவதற்கு 90 நாள் முன்பிருந்தே குடியுரிமை விண்ணப்பத்தைப் போட்டுவிடலாம். ஐ-829-க்கு முடிவு சொல்லாமல் குடியுரிமை தர முடியாது என்பதால், சில நேரம் அந்த விண்ணப்பமே தூங்கும் கோப்பை எழுப்பிவிடுகிறது. எங்கள் உறவினர் இப்போது நிற்பது அந்த இடத்தில்.